காற்றாலை வந்ததால் மழை குறைந்ததா? கண்ட தரவிலிருந்து காரணத்தைப் பிரித்தறிவது எப்படி?

பணகுடி நாட்குறிப்பு (ஞாயிறு, மாலை 6.12)

காற்றாலைகள் வந்தபின் மழை குறைந்துவிட்டது, சுற்றும் இறக்கைகள் மேகத்தைத் தள்ளிவிடுகின்றன என்ற பேச்சை பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்தில் கேளாதவர் இருக்க முடியாது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். இப்போது அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் கூட்டுப்பட்டாவில் இருக்கும் மேட்டு நிலத்தைப் புதிய காற்றாலை ஒன்றுக்குக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்கிறேன் நான். ஊர் மழையை விற்று நாம் காசு வாங்குவதா என்கிறார் என் தமையனார்.

எங்கள் தகப்பனார் மழைமானி படிக்கும் பொறுப்பில் இருந்தவர். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மானியின் புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருக்கும் நீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி, அதைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கை அலுவலகப் பதிவேட்டில் எழுதுவார். வீட்டுக்கு வந்ததும் அதையே தம்முடைய நோட்டிலும் எழுதுவார். மழையில்லாத நாளுக்கும் ஒரு சிறு கோடு போட்டிருப்பார். ஓய்வு பெற்ற பிறகும், பொறுப்புக்கு வந்தவரிடம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அவர் காலத்துக்குப் பின் நான் எழுதி வருகிறேன்.

சென்ற மாதம் அந்த நோட்டுகளிலுள்ள ஆண்டு மொத்தங்களைக் கணினியில் ஏற்றி, சுற்றுவட்டாரக் காற்றாலைகளின் எண்ணிக்கையோடு சேர்த்து வரைந்து பார்த்தேன். காற்றாலை ஏற ஏற மழை இறங்குகிறது. கணக்கே வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது. இதைத் தமையனாரிடம் காட்டினால் வழக்கு அத்தோடு முடிந்துவிடும். ஆனால் கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் என் மகள், ஒட்டுறவு (இரண்டு எண் வரிசைகள் சேர்ந்தே ஏறி இறங்குவது) காரணம் ஆகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனாலும் எனக்கு அது போதவில்லை. ஒட்டுறவு காரணம் ஆகாது என்றால் வேறு எது ஆகும்? நாற்பது ஆண்டு நோட்டு என் கையில் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டுகிறேன்.


பாளை ஆசிரியை (ஞாயிறு, இரவு 8.47)

அண்ணாச்சி, முதலில் உங்கள் தகப்பனாருக்கு என் வணக்கம். மழையில்லாத நாளுக்கும் கோடு போட்டவர் கொடுத்த தரவு என்பதால்தான் இதைப் பற்றிப் பேசவே முடிகிறது.

உங்கள் மகள் சொன்னதை நான் சற்று விரித்துச் சொல்கிறேன். காற்றாலைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் ஒன்று. நட்டதைப் பிடுங்குவது அரிது. இப்படி ஒரே திசையில் நகரும் எந்த வரிசையையும், மெல்ல ஏறுகிற அல்லது இறங்குகிற வேறு எந்த வரிசையோடு சேர்த்து வைத்தாலும் ஒட்டுறவு பெரிதாகவே வரும். காற்றாலைக்குப் பதிலாகக் கைப்பேசிக் கோபுரங்களின் எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் படத்தில் பெரிய மாற்றம் இராது.

இதை 1926ஆம் ஆண்டிலேயே யூல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் எழுதினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் நடந்த திருமணங்களில் அந்நாட்டுத் திருச்சபையில் நடந்தவற்றின் பங்கு குறைந்துகொண்டே வந்தது, இறப்பு வீதமும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.95 (முழுமையாக ஒட்டினால் 1). கோயிலில் தாலி கட்டுவதால் சாவு கூடுகிறது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். இரண்டும் தத்தம் வழியில் காலத்தோடு நகர்ந்தன என்பதைத் தவிர அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஆகவே ஒன்று செய்து பாருங்கள். ஆண்டு மொத்தங்களை அப்படியே வைக்காமல், ஓர் ஆண்டுக்கும் அதற்கு முந்தைய ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுங்கள். காற்றாலைக்கும் அப்படியே, அந்த ஆண்டில் புதிதாக வந்தவை எத்தனை என்று மட்டும் எடுங்கள். அதிகம் நட்ட ஆண்டுகளை அடுத்து மழை அதிகம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதுவே முடிவான சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் படத்திலுள்ள ஒட்டுறவில் எவ்வளவு வெறும் காலப்போக்கால் வந்தது என்பது இதில் தெரிந்துவிடும்.


தேரிக்காட்டுப் பனை (ஞாயிறு, இரவு 10.05)

நம் ஊரில் இதற்குத்தான் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பனை மரத்தடியில் வளர்ந்தவன் என்பதால் அதில் ஒன்று சேர்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தச் சொலவடையைத் தற்செயலைக் குறிக்கவே பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்குள் மூன்று வழக்குகள் இருக்கின்றன. காக்கை உட்கார்ந்ததற்கும் பழம் விழுந்ததற்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். காக்கையின் பாரத்தாலேயே விழுந்திருக்கலாம். மூன்றாவதாக, பழம் நன்றாகப் பழுத்ததால் அதன் மணத்துக்குக் காக்கை வந்திருக்கலாம், அதே பழுப்பால் காம்பும் விட்டிருக்கலாம். மூன்றாவது வழக்கில் காக்கைக்கும் பழத்துக்கும் உள்ள தொடர்பு தற்செயல் அன்று, நூறு மரங்களில் பார்த்தாலும் அந்தத் தொடர்பு இருக்கும். ஆனால் காக்கையை விரட்டினாலும் பழம் விழத்தான் செய்யும்.

தற்செயலை அதிகத் தரவு சேர்த்து நீக்கிவிடலாம். மூன்றாவது வழக்கை எத்தனை ஆண்டு நோட்டு இருந்தாலும் நீக்க முடியாது என்பதை அண்ணாச்சி கவனிக்க வேண்டும்.


அம்பை வயல் (திங்கள், காலை 6.30)

தேரிக்காட்டுத் தம்பி சொன்ன மூன்றாவது வழக்கு எங்கள் வயலில் நாள்தோறும் நடப்பது. பிசானத்தில் கதிர் வரும் நேரத்தில் வரப்பில் நடந்து பாருங்கள். எந்த வயலில் பூச்சிமருந்து மூன்று முறை அடித்தார்களோ அந்த வயலில்தான் வெண்கதிர் அதிகம் நிற்கும். இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்துவிடும், அடியில் புழு தின்ற தடம் இருக்கும். மருந்து அடிக்காத வயல் பச்சையாக நிற்கும். இதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர் மருந்தால் பூச்சி வருகிறது என்று முடிவு கட்டிவிடுவார். பூச்சி வந்தவன்தானே மருந்தைத் தூக்கினான்!

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் நானே விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. 100 தோட்டங்கள் இருக்கின்றன. 50 தோட்டங்களில் நல்ல கிணறு, 50 தோட்டங்களில் வற்றும் கிணறு. நல்ல கிணறு உள்ள 50 பேரில் 40 பேர் சொட்டுநீர் போட்டிருக்கிறார்கள், வற்றும் கிணறு உள்ளவர்களில் 10 பேர்தான் போட்டிருக்கிறார்கள். சொட்டுநீரால் துளியும் பயனில்லை என்றே வைத்துக்கொள்வோம். நல்ல கிணறு இருந்தால் நூற்றுக்கு 80 பேருக்கு விளைச்சல் தேறும், வற்றும் கிணறானால் 30 பேருக்குத் தேறும், அவ்வளவுதான். இப்போது கூட்டுங்கள். சொட்டுநீர் போட்ட 50 பேரில் 32ம் 3ம் ஆக 35 பேருக்குத் தேறியிருக்கும். போடாத 50 பேரில் 8ம் 12ம் ஆக 20 பேருக்குத்தான் தேறியிருக்கும். நூற்றுக்கு 70, நூற்றுக்கு 40. பயனே இல்லாத ஒன்று முப்பது விழுக்காடு பயன் தந்ததுபோல நிற்கிறது. கிணறு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் மட்டுமே அந்தத் தோற்றம் கலையும்.

இனி காற்றாலைக்கு வருகிறேன். அவற்றை ஊர் ஊராகச் சீட்டுக் குலுக்கிப் போட்டு நடவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தென்மேற்குக் காற்றைத் திறந்துவிடும் பாதையில் நட்டார்கள். அந்தக் காற்று மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிற காற்று. எங்கே மழை மறைவு அதிகமோ, எங்கே தரை வெட்டவெளியாகக் கிடந்ததோ, அங்கேதான் காற்றாலை வந்தது. காற்றாலை உள்ள ஊரையும் மலையடிவாரத்துப் பாபநாசத்தையும் பக்கத்தில் வைத்து, பார், அங்கே மழை குறைவு என்றால், அது ஒப்பீடே ஆகாது.


பணகுடி நாட்குறிப்பு (திங்கள், மாலை 7.20)

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை சொன்னபடி ஆண்டு வேறுபாடுகளை எடுத்துப் பார்த்தேன். கோடு கலைந்து, புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. அம்பை அண்ணாச்சியின் கணக்கையும் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

ஆனால் ஒரு வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. காலப்போக்கு என்று ஒருவர் சொல்கிறார், மறைகாரணி (பழுத்த பழம்போல, இரண்டையும் பின்னிருந்து நகர்த்தும் மூன்றாவது ஒன்று) என்று ஒருவர் சொல்கிறார், தற்செயல் என்று ஒருவர் சொல்கிறார். எதைக் காட்டினாலும் தட்டிவிட ஏதாவது ஒரு பெயர் இருக்கிறது. காற்றாலையை வைத்துச் சோதனை நடத்த முடியாது. சீட்டுப் போட்டுப் பாதி ஊர்களில் நட்டு, பாதி ஊர்களில் நடாமல் முப்பது ஆண்டு காத்திருக்க எவராலும் ஆகாது. அப்படியானால் தமையனாரிடம் நான் என்ன சொல்வேன்? உங்கள் கூற்றைப் பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது என்றா?


முக்கூடல் மகள் (திங்கள், இரவு 11.31)

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. இதே கேள்வியை உலகத்தின் மிகப் பெரிய புள்ளியியலாளரே தவறான பக்கம் நின்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்வதற்கு முன் என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

என் அம்மா பீடி சுற்றினார். மடியில் சுளகு, நனைத்து வைத்த இலை, அளவுத் தகடு, கத்தரி, நூல். தகட்டை இலைமேல் வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி முடிக்க அவருக்குச் சில நொடிகள் போதும். பேச்சு நிற்காது, கண் தொலைக்காட்சியில் இருக்கும், விரல்கள் மட்டும் தாமாக ஓடும். பல ஆண்டுகளுக்குப் பின் இருமல் வந்தது. இரவில் படுக்க முடியாத அளவுக்கு வந்த பிறகு சுளகைத் தூக்கிப் பரணில் போட்டார்.

நான் இப்போது பொதுச் சுகாதாரக் களப்பணியில் இருக்கிறேன். ஒருமுறை வீடு வீடாகக் கேட்டு நிரப்ப ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'தற்போது பீடி சுற்றுகிறீர்களா?' என்று ஒரு கேள்வி, 'தொடர் இருமல் உண்டா?' என்று ஒரு கேள்வி. என் அம்மாவுக்கு அந்தப் படிவத்தை நிரப்பினால் பீடி சுற்றுதல் இல்லை, இருமல் உண்டு என்று வரும். அம்மாவின் இருமல் பீடி சுற்றாதவர்கள் கணக்கில் போய் விழும்! இருமல் வந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட, தாங்கக்கூடியவர்கள் மட்டும் மிஞ்ச, இன்று சுளகோடு உட்கார்ந்திருப்பவர்கள் மற்றவர்களைவிட நலமாகவே தெரிவார்கள். தொழில் நோய்களை ஆராய்கிறவர்கள் நெடுங்காலமாக அறிந்த பொறி இது. ஒட்டுறவு இல்லாததுபோல் தெரிவதாலேயே காரணம் இல்லை என்றும் ஆகிவிடாது. இந்தப் பாதியைப் பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் படிவத்தில் 'தற்போது' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு, எப்போது தொடங்கினீர்கள், எப்போது விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருந்தால் போதும்.

இனி புகைபிடித்தலுக்கு வருகிறேன். டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950இல் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள். நோயாளிகளிடம் பழையதைக் கேட்டால் நினைவு சாயும் என்ற குறை வரும் என்பதால், 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, விடையளித்த சுமார் 40,000 பேரை முன்னோக்கித் தொடர்ந்தார்கள். அந்தத் தொடர்ச்சி 50 ஆண்டுகள் நீடித்தது. யாரையும் சீட்டுப் போட்டுப் புகைக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அப்போது எதிர்ப்புத் தெரிவித்தவர் ஃபிஷர். சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்துச் சோதிக்கும் சமவாய்ப்புச் சோதனை முறையையே உருவாக்கியவர். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒருசேரத் தரும் பிறவிக் கூறு ஒன்று இருக்கலாமே என்றார். தேரிக்காட்டுத் தம்பியின் பழுத்த பழம்தான் அது.

அந்த வாதத்துக்கு 1959இல் கார்ன்ஃபீல்ட் என்ற புள்ளியியலாளரும் உடன் எழுதியவர்களும் விடை கொடுத்த விதம்தான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. மறைகாரணி இருக்கலாம் என்று சொல்வதோடு நிற்காதீர்கள், அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள் என்றார்கள். புகைப்பவர்களுக்கு நோய் ஒன்பது மடங்கு என்றால், அதை முழுவதும் ஒரு மறைகாரணியே உண்டாக்குகிறது என்றால், அந்தக் கூறு புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்காவது அதிகம் காணப்பட வேண்டும். அப்படியொரு கூறு எங்கே, காட்டுங்கள் என்றார்கள். எவராலும் காட்ட முடியவில்லை. இதற்கு மேல், கூடுதலாகப் புகைத்தவருக்குக் கூடுதலாக வந்தது, விட்டவர்களுக்கு ஆபத்துக் குறைந்தது. பிறவிக் கூறுதான் காரணம் என்றால், விட்டதும் ஏன் குறைய வேண்டும்?

ஆகவே அண்ணாச்சி, தட்டிவிடப் பெயர் மட்டும் போதாது. மறைகாரணி என்று சொல்பவரும் அது எது, எவ்வளவு, எந்த வழியில் என்று சொல்லக் கடமைப்பட்டவர். உங்கள் தமையனாரிடமும் அதே கடமையைக் கேளுங்கள். காற்றாலைதான் காரணம் என்றால் வேறு எங்கெல்லாம் அதன் தடம் தெரிய வேண்டும் என்று அவரையே முதலில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நோட்டைத் திறங்கள்.


கடையம் செவிலி (செவ்வாய், பிற்பகல் 2.15)

முக்கூடல் தங்கை சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனாலும் நான் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஒரு கசப்பான வரலாற்றையும் இங்கே வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1976இல் 1,21,700 செவிலியரைத் தொடரத் தொடங்கினார்கள். மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதாக அந்தத் தரவு காட்டியது. மருத்துவர்கள் நம்பி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 16,608 பெண்களிடம் சமவாய்ப்பு முறையில் சோதித்தபோது, பயனைவிடத் தீங்கே மிகுதி என்று கண்டு 2002இல் அந்தச் சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள்.

மாத்திரையைத் தாமாக விரும்பி எடுத்த பெண்கள் பொதுவாக வசதியுள்ளவர்கள், உடலைப் பேணுகிறவர்கள் என்பது ஒரு விளக்கம். என்னைக் கூடுதலாகக் கவர்ந்தது இன்னொன்று. 2008இல் அதே செவிலியர் தரவை எடுத்து, சோதனையில் கேட்ட அதே கேள்வியை அதில் கேட்டார்கள். அதாவது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களைச் சேர்க்காமல், புதிதாகத் தொடங்கியவர்களை, தொடங்கிய நாளிலிருந்தே எண்ணினார்கள். சோதனை முடிவுக்கும் செவிலியர் தரவுக்கும் இருந்த வேறுபாட்டின் பெரும்பகுதி சுருங்கிவிட்டது. தொடங்கிய முதல் ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவர்கள் பழைய கணக்கில் விடுபட்டிருந்தார்கள். உங்கள் அம்மா படிவத்தில் விடுபட்டதுபோலவே, தங்கையே.


வள்ளியூர் பேருந்து (செவ்வாய், மாலை 5.50)

இவ்வளவு எதற்கு? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, தாமிரபரணி ஊருக்குள் வந்ததே. காற்றாலைகள் அப்போதும் நின்றுகொண்டுதானே இருந்தன. மேகத்தை ஏன் தள்ளவில்லை?


பாளை ஆசிரியை (செவ்வாய், இரவு 9.10)

தம்பி, அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டிலும் நீர் புகுந்தது. ஆனால் அதை இங்கே சான்றாக வைக்க முடியாது. காற்றாலை மழையை முற்றிலும் நிறுத்துகிறது என்று எவராவது சொன்னால் அந்த ஒரு நாள் போதும், கூற்று விழுந்துவிடும். சராசரியில் சிறிது குறைக்கிறது என்று சொன்னால் ஒரு நாள் பெருமழை அதைத் தொடாது. தாத்தா புகைத்தும் தொண்ணூறு வயது இருந்தார் என்பதுபோல ஆகிவிடும். அதேபோல 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்ததைக் காற்றாலைக்கு எதிராக வைக்கவும் முடியாது. காற்றாலை ஒன்றுகூட இல்லாத மாவட்டங்களிலும் அந்த ஆண்டு வயல் காய்ந்தது.

முக்கூடல் தங்கை கேட்டபடி தடங்களைத் தேடுவோம். முதலாவது, பருவம். காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குக் காற்றில். நம் சமவெளிக்கு மழையின் பெரும்பகுதி வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அப்போது பல காற்றாலைகள் சும்மா நிற்கும். சுற்றுவதால் மழை குறைகிறது என்றால், குறைவு சுற்றும் மாதங்களில் தெரிய வேண்டும். அண்ணாச்சி நாள்வாரியாக வைத்திருப்பதால் பருவம் பிரித்துப் பார்க்க முடியும். இரண்டாவது, உயரம். பழைய கோபுரங்கள் 50 மீட்டர் அளவு, புதியவை 100 மீட்டரைத் தாண்டும். மழை மேகத்தின் அடி பெரும்பாலும் அதற்குப் பல நூறு மீட்டர் மேலே இருக்கிறது. வழி சொல்லாத காரணத்தை நான் எளிதில் ஏற்க மாட்டேன். காற்றாலை தரைக்கு அருகிலுள்ள காற்றைக் கலக்குகிறது என்பது மெய். டெக்சாஸ் மாநிலத்தில் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காற்றாலைப் பண்ணைகள் உள்ள இடத்தில் இரவில் நிலத்தின் மேற்பரப்பு வெப்பம் சற்று ஏறியதைக் காட்டியது. அவர்கள் காற்றாலை வந்த இடத்தை அதன் முன்நிலையோடு மட்டும் ஒப்பிடவில்லை. அதே காலத்தில் அருகிலுள்ள, காற்றாலை வராத இடம் எவ்வளவு மாறியது என்பதையும் எடுத்து, முதல் மாற்றத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தார்கள். நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

லண்டனில் 1854இல் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ செய்ததும் இந்த வகைதான். தென்லண்டனில் ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்கு, இரண்டு குடிநீர்க் கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. ஒரு கம்பெனி 1852இல் ஆற்றில் நகரத்துக்கு மேலே, நகரச் சாக்கடை கலவாத இடத்துக்குத் தன் நீரெடுப்பை மாற்றியிருந்தது, மற்றது மாற்றவில்லை. எந்த வீட்டுக்கு எந்த நீர் என்பது ஏழை, பணக்காரன் பார்த்து அமையவில்லை. ஸ்னோ வீடு வீடாக ஏறிக் கேட்டார். எந்தக் கம்பெனி என்று தெரியாத வீட்டில் நீரை எடுத்து வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். நகரத்துக்குள்ளேயே ஆற்றிலிருந்து எடுத்த நீரில் உப்பு அதிகம், வெண்மை திரளும். பத்தாயிரம் வீட்டுக்கு, நீரெடுப்பை மாற்றாத கம்பெனியின் பக்கம் 315 சாவு, மாற்றியதன் பக்கம் 37. காலராக் கிருமியை அவர் கண்டதில்லை. ஆனால் தரவு எப்படிப் பிரிந்தது என்பதை அவர் கண்டிருந்தார்.

அண்ணாச்சி, உங்கள் மானியை ஒட்டிய நான்கைந்து மானிகளின் ஆண்டு மொத்தங்களைத் திரட்டுங்கள். அவற்றின் சராசரியை ஆண்டாண்டாகக் கூட்டிக்கொண்டே போய் ஓர் அச்சிலும், உங்கள் மானியின் மொத்தத்தை அதேபோல் கூட்டிக்கொண்டே போய் மற்ற அச்சிலும் வையுங்கள். நீரியல் பொறியாளர்கள் மானியைச் சரிபார்க்கக் கையாளும் வழி இது. வறட்சி எல்லோருக்கும் பொது என்பதால் கோடு வளையாது. உங்கள் இடத்தில் மட்டும் ஏதோ மாறியிருந்தால் கோட்டின் சாய்வு முறியும். முறிந்த ஆண்டைச் சொல்லுங்கள்.


பணகுடி நாட்குறிப்பு (ஞாயிறு, மாலை 4.40)

ஐந்து நாளாக இதே வேலையாக இருந்தேன். அக்கம்பக்கத்து மானிகளின் கணக்கைக் கிடைத்த அளவில் திரட்டினேன். அவற்றில் இரண்டு காற்றாலைக்கு நடுவிலேயே இருப்பவை, மற்றவை தள்ளி இருப்பவை. கூட்டிக் கூட்டி வரைந்தேன். காற்றாலைக்கு நடுவிலுள்ள அந்த இரண்டு மானிகளும் தள்ளியுள்ளவற்றோடு நேர்க்கோட்டில் போகின்றன. எங்கள் தகப்பனாரின் மானி மட்டும் கீழே வளைகிறது. ஓர் ஆண்டில் முறியவில்லை, பல ஆண்டுகளாக மெல்ல மெல்லச் சாய்கிறது. குறைவும் வடகிழக்குப் பருவத்தில்தான் அதிகம், காற்றாலை சும்மா நிற்கும் மாதங்களில்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நேற்றுக் காலை தமையனாரையும் அழைத்துக்கொண்டு மானி இருக்கும் வளாகத்துக்குப் போனேன். பல ஆண்டுகளாகத் தொலைபேசியில் கேட்டு எழுதியவன் நான், நேரில் போனதே இல்லை. மானிக்கு வடகிழக்கே நாலெட்டு வைக்கும் தூரத்தில் ஒரு வேப்பமரத்தின் அடிக்கட்டை நின்றது. இரண்டு பேர் கை கோர்த்தால்தான் கட்ட முடியும், அவ்வளவு பெரியது. தகப்பனார் மானி படித்த காலத்தில் அது தோளளவுக் கன்று என்று தமையனார் சொன்னார். நிழலுக்கு ஆகும் என்று அலுவலகத்தில் நட்டதாம். தடையாக நிற்கும் எதுவும் தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது மானியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது தகப்பனார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். காற்றாலை ஏற ஏற மரமும் ஏறியிருக்கிறது. வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து வரும் மழையை அது மறித்திருக்கிறது.

தமையனார் அடிக்கட்டைமேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, மரம்தான் காரணம் என்று மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டார். சரியான கேள்வி. மரம் வெட்டப்பட்ட ஆண்டு தெரிந்தால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சாய்வு பழையபடி நிமிர்ந்ததா என்று பார்க்கலாம். காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன, மரம் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் புதியவர்கள், எவருக்கும் ஆண்டு தெரியவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் பணகுடிக்காரர்கள் யாருக்காவது தெரியுமா?


தெற்குத் தெரு (ஞாயிறு, இரவு 9.02)

அண்ணாச்சி, அந்த மரத்தை ஏலத்தில் எடுத்தது என் சித்தப்பா. எங்கள் வீட்டு நிலைக்கதவு அந்த வேம்பில் செய்ததுதான், பால் காய்ச்சிய தேதி நிலையிலேயே செதுக்கியிருக்கிறது. 2018 தை மாதம். மரம் வெட்டியது அதற்கு முந்தைய கோடையில்.


பணகுடி நாட்குறிப்பு (ஞாயிறு, இரவு 9.25)

அப்படியானால் 2017 வடகிழக்குப் பருவத்திலிருந்து மரம் இல்லை. நோட்டு அலமாரியில் இருக்கிறது, தமையனாரும் இங்கேதான் இருக்கிறார். கோட்டை வரைவதற்கு முன், அது நிமிர்ந்தால் என்ன முடிவு, நிமிராவிட்டால் என்ன முடிவு என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மற்ற மானிகளின் 2017க்குப் பிந்தைய கணக்கில் இரண்டு ஆண்டுகள் என்னிடம் விடுபட்டிருக்கின்றன. ஆசிரியை அவர்களே, அவற்றை எந்த அலுவலகத்தில் எப்படி எழுதிக் கேட்டால் தருவார்கள் என்று சொல்ல முடியுமா?